பூனைக்குப் பூசின எண்ணெய்

என் ராத்தா, என் மூத்த சகோதரி, மௌத்தாகி நாற்பதாம் நாள் ஓதின கத்தத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். என்னோடு ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவர்கள், ஒரே கிணற்றில் குளித்தவர்கள். இப்போது எல்லோருக்கும் முழங்கால் வலி. நன்றாகச் சாப்பிட்டீர்கள். இறைச்சி பதமாக வெந்திருக்கிறது என்றீர்கள். பிறகு பின் விறாந்தையில் கை கழுவிக்கொண்டு நின்றபோது உங்களில் ஒருத்தி சொன்னாள்:

"பாவம்கா. அந்தச் சொறிப் பூனையால வந்த வருத்தம். கடைசி மட்டும் அவவுக்கு ஒரு வாழ்க்கை இல்லாமப் போச்சே."

மற்றவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினீர்கள்.

என் கையில் வட்டிலப்பத் தட்டு இருந்தது. வந்தவர்களோடு சண்டை பிடிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அது பிழை என்று இப்போது படுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். என் ராத்தாவுக்குச் சொறி நோய் இருக்கவில்லை. பூனைக்கும் சொறி இருக்கவில்லை. இருந்தது தெள்ளு, இரத்தம் குடிக்கிற பூச்சி. கூடவே கொஞ்சம் பொடுகு. இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை எப்படி முடித்தார்கள் என்று சொல்கிறேன். கேளுங்கள்.

சூறாவளிக்கு அடுத்த வருடம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நம்முடைய ஊரில் ஒரு தென்னைகூட நேராக நிற்கவில்லை. விழுந்த மரங்களைப் பிளந்து அடுப்பெரித்தோம். வீட்டுக் கூரையில் பாதி தென்னோலைக் கிடுகு, பாதி நிவாரணத் தகரம். கறிக்குத் தேங்காய்ப்பால் இல்லை. தலைக்கு வைக்கத் தேங்காயெண்ணெய் இல்லை. உம்மாவின் எண்ணெய்ப் போத்தல், காகிதத்தைச் சுருட்டி மூடியாக அடைத்தது, மாதக் கணக்காக வெறுமையாக அடுப்படித் தட்டில் நின்றது. என் தலை வைக்கோல் மாதிரி இருக்கும். ராத்தா மாலையில் என்னைப் பிடித்து இருத்தி, மரத்தில் செய்த பேன் சீப்பால் வாருவாள். வலிக்கும். கத்தினால் சீப்பாலேயே மண்டையில் ஒன்று விழும்.

எங்கள் வீட்டில் ஒரு கிழட்டுப் பெட்டைப் பூனை இருந்தது. சாம்பல் நிறம். பெயர் கிடையாது, பூஸ் என்றால் வரும். அது ராத்தாவுடைய பூனை. ராத்தா பெரியபிள்ளையாகிப் பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டுக்குள் இருந்த காலத்தில் அதுதான் அவளுக்குத் துணை. பின்பக்கத்தில் நெல் மூட்டை அடுக்கும் சின்ன அறை, அங்கே மண் தரையில் நிவாரண மாச் சாக்கு ஒன்றை விரித்து வைத்திருந்தாள். பூனை அதில்தான் படுக்கும். சூறாவளியில் தோணிகள் உடைந்து மீன் அருகிப் போனதால் பூனைக்கு மீன்தலையும் கிடைக்கவில்லை. மெலிந்தது. வயதும் போய்விட்டதால் முதுகை நக்க அதற்கு எட்டவில்லை. முதுகு மயிரில் வெள்ளை வெள்ளையாகச் செதில் ஏறியது. அது ஓயாமல் சொறியும். வாலடியில் மயிர் கொட்டி ஒரு திட்டு வெளுத்துத் தெரிந்தது.

ராத்தாவின் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் வந்ததும் அப்போதுதான். என் காலிலும் இரண்டொன்று இருந்தன. பூனையோடு கிடந்தவள் அவள் என்பதால் அவளுக்குக் கூடுதல்.

வாப்பாவின் தங்கச்சி, எங்கள் மாமி, அடுத்த வளவில் இருந்தாள். அவள்தான் முதலில் கண்டது. அவளுடைய கண் அப்படிப்பட்டது.

"என்னகா புள்ள, காலெல்லாம் மாதுளம்பூப் பூத்திருக்கு? மாப்பிள்ளைக்குக் குடுக்கிற சீதனத்தில தெள்ளும் சேத்தியோ?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ராத்தா சிரிக்கவில்லை. அன்றைக்குப் பின்னேரமே பேன் சீப்பை எடுத்துக்கொண்டு, வாப்பாவின் பழைய வெள்ளைச் சாரனில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு, கிணற்றடியில் பூனையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில்.

வாலடியிலிருந்து மேலே வாரினாள். சீப்பில் வந்ததைத் துணியில் தட்டினாள். வெள்ளைச் செதிலும் அதோடு மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புப் பொடியும் விழுந்தன. கையை நனைத்துத் துணியில் தெளித்தாள். செதில் அப்படியே கிடந்தது. கறுப்புப் பொடி ஊறி, சுற்றிவரச் சிவப்பாகக் கசிந்தது.

"பாத்தியா? இந்த வெள்ள வெறும் பொடுகு. உன்ட மண்டையிலயும் இருக்கு. இந்தக் கறுப்பு தெள்ளுட பீ. அது குடிச்ச ரத்தம்தான் தண்ணியில கரையிது."

"உனக்கு ஆரு சொன்ன?"

"ஆரும் சொல்லல்ல. உன்ட பேனக் குத்திக் குத்தி நானாக் கண்ட."

சீப்பின் பல்லுக்குள் ஒரு தெள்ளு, கபில நிறம், தட்டையாக, ஓடியது. பேன் மாதிரி மெதுவாக இல்லை. பிடிப்பதற்குள் பாய்ந்துவிடும். ராத்தா சீப்பைச் சவர்க்காரத் தண்ணீரில் முக்கினாள். பிடிபட்டவை அதில் தாழ்ந்தன. நகத்துக்கும் நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்கினால் டிக் என்று ஒரு சத்தம். எனக்கு அது பெரிய சந்தோஷம். பூனை கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டிக் கொடுத்தது.

ஒவ்வொரு நாளும் வாரினாள். கறுப்புப் பொடி குறைந்துகொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முடிந்திருக்கும். சாக்கைக் கொதிதண்ணீரில் போட வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் மாரிகாலம். வெயில் இல்லை, விறகு ஈரம். "சாக்க அவிக்கவா விறகு வெச்சிரிக்கி?" என்று உம்மா விடவில்லை.

அந்த நேரத்தில்தான் மருதமுனையில் இருந்து சம்பந்தம் வந்தது. தறி வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளை நல்ல பொடியன் என்று ஊரெல்லாம் சொன்னது. ராத்தா அவரை ஒரு தடவை, எங்கள் கடைத்தெருவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பார்த்திருக்கிறாள். என்னிடம் மட்டும் சொன்னாள். "சிரிச்சா பல்லு நல்லா இரிக்கி" என்றாள். அவள் ஒரு ஆணைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு வசனம்தான். எங்கள் வழக்கப்படி இந்த வீடு மூத்த பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை வந்து இங்கே இருப்பார். பின்பக்கத்து அறையை இடித்துப் பெரிதாகக் கட்டித் தறி போடலாம் என்று ராத்தா திட்டம் போட்டாள். குச்சியால் மண்ணில் கீறிக் காட்டினாள்.

மாப்பிள்ளையின் உம்மா பெண் பார்க்க வரப் போகிறார் என்றதும் உம்மாவுக்கு ராத்தாவின் கால் ஞாபகம் வந்தது. அவளையும் என்னையும் கூட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனாள். அங்கே நோய் பார்த்து மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி யாழ்ப்பாணத்துக்காரர். மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான். கண்ணாடியை இறக்கிக் காலைப் பார்த்தார்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. இது தெள்ளுக் கடிச்சது. வீட்டில பூனை நிக்குதோ?"

"ஓம் ஐயா. அதுக்கும் முதுகெல்லாம் செதில் செதிலா வருகுது."

"அப்ப பூனைக்குக் கொஞ்சம் எண்ணெய் பூசிவிடுங்கோ, செதில் போயிடும். அது படுக்கிற சாக்கு, பாய் எல்லாத்தையும் சுடுதண்ணியில அவிச்சு வெயில்ல போடுங்கோ. அதுதான் முக்கியம். தெள்ளு பூனையில இல்லை அம்மா, படுக்கையிலதான் பெருகிறது."

ராத்தாவின் காலுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு மருந்துத் தண்ணீர் கொடுத்தார். அந்த மனுஷன் சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை. அவருடைய ஊரில் பிழையில்லை.

நம்முடைய ஊரில் எப்படி? உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சமையலுக்கும் தலைக்கும் போடுவது தேங்காயெண்ணெய். விளக்குக்கு ஊற்றுவது லாம்பெண்ணெய். வெறும் எண்ணெய் என்றால் வயலுக்கு அடிப்பது. "எண்ணெய் அடிக்கப் போறன்" என்று வாப்பா மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு போனால் யாரும் தேங்காயெண்ணெய் என்று நினைக்க மாட்டோம். பூச்சிக்கு அடிக்கும் அந்த நஞ்சு எங்கள் வீட்டில், மண்டையோட்டுப் படம் கீறின தகரக் கலனில், நெல் மூட்டைக்குப் பின்னால் இருந்தது. அந்த வருடம் வீட்டில் இருந்த ஒரே எண்ணெயும் அதுதான்.

உம்மா வந்து வாப்பாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "தெள்ளாம். பூனைக்கு எண்ணெய் பூசட்டாம்."

சாக்கும் சுடுதண்ணீரும் அவளுடைய வாயில் வரவேயில்லை.

வாப்பாவுக்குப் பெரிய சந்தோஷம். "பாத்தியா, படிச்ச மனுசன்! நம்மட வீட்டுக்குள்ளயே மருந்த வெச்சிட்டுச் சும்மா இருந்திரிக்கம்."

ராத்தா ஓடி வந்தாள். "வாப்பா, அவர் தேங்காண்ணெயத்தான் சொன்னார்."

"தேங்காண்ணெய் எண்டு சொன்னாரா?"

"இல்ல வாப்பா, ஆனா..."

"எண்ணெய் எண்டுதானே சொன்னார்? தேங்காண்ணெய் எண்டா தேங்காண்ணெய் எண்டு சொல்ல அவருக்கு வாயில்லையா?"

நான் கூடச் சொன்னேன், சாக்கை அவிக்கச் சொன்னார் என்று. "பெரிய மனுசர் கதைக்கிற இடத்தில உனக்கென்ன வேல?" என்று உம்மா என் தொடையில் கிள்ளினாள்.

மாமியும் வந்துவிட்டாள். ஒரு யோசனை சொன்னாள், பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அப்பால் விட்டுவிடலாம் என்று. வாப்பா சம்மதிக்கவில்லை. பூனை சுத்தமான சீவன், அது வாய் வைத்த தண்ணீரில் தொழுகைக்கு ஒளு எடுக்கலாம், அதை வதைப்பது பாவம் என்றார். மருந்து போடுவது பாவமில்லை. இப்படித்தான் அவருடைய ஈமான் வேலை செய்தது.

பெண் பார்க்க வருகிற நாள் காலையிலேயே செய்ய வேண்டும் என்றார். "வாறவங்கட சீலையில ஒரு தெள்ளு தாவப்படா."

பூனை யாருக்கும் பிடிபடாது. ராத்தாவுக்கு மட்டும்தான் நிற்கும். "நீ பிடி" என்றார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். வாப்பா கன்னத்தில் அடித்தார். ஒரு அடிதான், வருகிறவர்களுக்குத் தெரியும் என்று மாமி தன் அண்ணனைத் தடுத்தாள். "அடிக்காதீங்க காக்கா, மூஞ்சி வீங்கிடும்." அவளுடைய இரக்கம் அந்த அளவு.

ராத்தா பூஸ் என்றாள். அது வந்தது.

வாப்பா பழந்துணியில் ஊற்றி, கழுத்திலிருந்து வால் வரை தேய்த்தார். தண்ணீர் கலக்கவில்லை. வயலுக்குக் கலப்பவர் பூனைக்குக் கலக்கவில்லை, கலந்தால் பத்தாது என்றார். அந்த வாடை உங்களுக்குத் தெரியும், தொண்டையில் கசக்கும். தெள்ளுகள் உண்மையாகவே உதிர்ந்தன. விறாந்தைச் சீமெந்தில் கறுப்பாகத் துடித்தன. வாப்பா காட்டிச் சிரித்தார். "இஞ்ச பாருங்க, இஞ்ச பாருங்க!"

அவர் திரும்பியதும் ராத்தா பூனையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடிச் சவர்க்காரம் போட்டுக் கழுவத் தொடங்கினாள். ஒரு வாளி ஊற்றியிருப்பாள். உம்மா கண்டுவிட்டாள். "மருந்தக் கழுவுறாகா இவள்!" என்று தலைமயிரில் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். பூனை பாதி நனைந்து, வேலியோரம் போய் உட்கார்ந்து, எட்டின இடமெல்லாம் தன்னை நக்கியது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் உம்மா வந்தார். கூட இரண்டு பெண்கள். மருதமுனைச் சாறி, தங்களுடைய தறியில் நெய்ததாம், தேன் நிறம். ராத்தாவுக்கு உம்மாவின் பச்சைச் சாறியை உடுத்தி, காலில் அந்த ரோஸ் மருந்தைப் பூசி, மேலே பவுடர் போட்டிருந்தார்கள். அவள் சர்பத் தட்டோடு வந்தாள். நான் கதவு நிலையில் நின்றேன். மாப்பிள்ளையின் உம்மா அவளுடைய முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. அந்தப் பல் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

பூனை பின்கதவால் வந்தது. நடை சரியில்லை, நாலு காலும் நாலு பக்கம் போயின. வாயிலிருந்து எச்சில் கயிறு மாதிரித் தொங்கியது. கண்மணி ஊசிமுனை அளவாகச் சுருங்கியிருந்தது. வந்தவர்கள் இருந்த கதிரைகளுக்கு நடுவால் போய், நேரே ராத்தாவிடம் போய், அவளுடைய பாதத்தில் விழுந்து வலிப்பு வந்து வெட்டியது. தரையில் மூத்திரம் ஓடியது.

வந்த பெண்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"அல்லாஹ்வே! இதென்ன வருத்தம்?"

யாராவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நஞ்சு பூசினோம், பிழையாகிவிட்டது என்று ஒரு வார்த்தை. மாமி முந்திக்கொண்டாள்: "அது ஒண்ணுமில்ல, பூனைக்குச் சொறி வருத்தம். மருந்து போட்டிரிக்கி."

ராத்தா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினாள். சாறி ஏறியது. கணுக்காலும் ரோஸ் மருந்தும் புள்ளிகளும் வெளியே தெரிந்தன. மாப்பிள்ளையின் உம்மா அதைப் பார்த்தார்.

"புள்ளைக்கும் அதானா?"

ராத்தா பூனையை மடியில் எடுத்துவிட்டாள். "விடுகா, விடு, விடு" என்று உம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவள் விடவில்லை. பச்சைச் சாறியில் எச்சிலும் மூத்திரமும் நனைய, பூனை விறைத்து, விறைத்து, மூச்சு நின்றது. அப்போது ராத்தா மாப்பிள்ளையின் உம்மாவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"மாமி, இது வருத்தமில்ல. வயலெண்ணெய்."

வாப்பா முன் விறாந்தையில் இருந்து, "உள்ளுக்குப் போ!" என்று கத்தினார். வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். சர்பத் அப்படியே இருந்தது. பிறகு அதை மாமி குடித்தாள், வீணாகக் கூடாதாம்.

ராத்தாவை அழக்கூட விடவில்லை. நாளைக்கு வேறு யாராவது வந்தால் கண் வீங்கியிருக்கும் என்றார்கள்.

இதற்குப் பிறகு செய்ததுதான் எல்லாவற்றிலும் மோசம். வருத்தம் மற்றப் பிள்ளைக்கு, எனக்கு, தொற்றும் என்று சொல்லி ராத்தாவைப் பின்பக்கத்து அறையில் படுக்க வைத்தார்கள். பூனையின் சாக்குக் கிடந்த அறையில். அதே மண் தரையில் பாய் விரித்து. தெள்ளுக்கு இரத்தம் வேண்டும். பூனை இல்லை. மூட்டைக்கு அடியிலும் சாக்கின் இழையிலும் இருந்த முட்டையெல்லாம் பொரித்து என் ராத்தாவின் மேல் ஏறின. கால், இடுப்பு, கை எல்லாம் தடித்துச் சிவந்தது. சொறிந்து புண்ணானது.

மாமி வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "பூனை மௌத்தாகியும் கூடுதெண்டா, பூனையால வந்ததில்ல. இவட உடம்பிலயே இருந்திரிக்கி. பூனைக்கே இவள்தான் குடுத்திரிக்கா."

அடுத்த கிழமை அது சந்தையில் கதையாக இருந்தது. மருதமுனைக்கும் போனது.

மாரி விட்டு முதல் வெயில் வந்த அன்று ராத்தா யாரையும் கேட்கவில்லை. நெல் மூட்டையைத் தனியாக இழுத்து வெளியே போட்டாள். சாக்கை அண்டாவில் போட்டு அவித்தாள். தரையெல்லாம் கொதிதண்ணீர் ஊற்றினாள். பாயைத் தகரக் கூரையில் ஏற்றிக் காயப் போட்டாள். கொஞ்ச நாளில் புதுப் புள்ளி வருவது நின்றது. பெருநாளைக்கு முன்னம் தோல் பழையபடி ஆகிவிட்டது.

அவள் வாப்பாவிடம் போய்க் காலைக் காட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சுகமாயிட்டு வாப்பா. தெள்ளுதான். மருதமுனைக்கு ஒருக்காப் போய்ச் சொல்லுங்க. அவங்க இன்னும் வேறிடம் பேசல்லயாம்."

"என்னத்தச் சொல்லட்டும்?"

"நடந்தத."

வாப்பா நெல்லில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"பூனைக்கு வயலெண்ணெய் பூசின மடையன் நான்தான் எண்டு தறிக்காரன்ட வாசல்ல போய்ச் சொல்லவா? ஊர் சிரிக்கிறத்துக்கா? போ, வேலையப் பாரு."

அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்திருந்தது. உம்மாவுக்கும் தெரிந்திருந்தது. வாப்பா மடையன் என்று ஊர் சொல்வதை விட, மகள் நோயாளி என்று சொல்வது அவர்களுக்கு லேசாக இருந்தது. சின்ன வயதில் வாப்பா விளங்காமல் செய்துவிட்டார் என்று நினைத்தேன். இப்போது அவருடைய வயதைத் தாண்டி வந்து பார்க்கிறேன். பூனை விஷயத்தில் விளங்காமல் செய்தார். மகள் விஷயத்தில் விளங்கித்தான் செய்தார்.

பிறகு ஒருவரும் பெண் கேட்டு வரவில்லை. என் முறை வந்தபோது வீட்டை என் பெயருக்கு எழுதினார்கள். ராத்தாதான் என் கல்யாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தாள். பின்பக்கத்து அறையிலேயே இருந்தாள், அவளுடைய வீட்டில், என் வீடாகிப் போன வீட்டில். என் பிள்ளைகளின் தலையில் பேன் பார்த்தாள். பூனை வளர்க்கவில்லை. ஊரில் யாருடைய பூனையாவது சொறிந்தால் பிடித்து வைத்து வாரிவிடுவாள், ஈரத் துணியில் தட்டிப் பார்ப்பாள். அதைப் பார்த்தும் நீங்கள், "அவவுக்கு அந்த நோய் இருக்கிறதால பூனையில ஆசை" என்று கதைத்தீர்கள். எனக்குக் கேட்டது.

அவள் மௌத்தான அன்று குளிப்பாட்ட வந்த பெண், உங்களில் ஒருத்தியின் ராத்தா, இரண்டு கையிலும் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஏன் என்று கேட்டேன்.

"இல்ல, அந்த வருத்தம்..."

"கழட்டுங்க" என்றேன். "கழட்டிட்டுத் தொடுங்க. இல்லாட்டி எழும்பிப் போங்க."

கழற்றினாள். வெள்ளைத் துணியை முழங்கால் வரை ஒதுக்கித் தண்ணீர் ஊற்றினோம். அந்தக் கணுக்கால்கள் இரண்டும் சின்னப் பிள்ளையின் கால் மாதிரி இருந்தன. ஒரு தழும்பு இல்லை. அந்தப் பெண் கையை எடுக்காமல் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அழுதாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, இப்போதும் அதுதான் இருக்கிறது.

அவள் அதை வெளியே வந்து உங்களிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை போலிருக்கிறது. கத்தத்துச் சோற்றைத் தின்றுவிட்டு நீங்கள் பழைய கதையையே கதைத்தீர்கள். இனிக் கதைக்கும்போது தெள்ளு என்று சொல்லுங்கள். எண்ணெய் என்று சொல்லுங்கள். யார் பூசினது என்று கேட்டால் என் வாப்பா என்று சொல்லுங்கள். அவருடைய மரியாதையை மூட இத்தனை வருடம் என் ராத்தாவின் தோலை உரித்துப் போர்த்தியிருந்தோம். அவளைக் கழுவி அடக்கியாயிற்று. இனி அவர் அம்மணமாகவே நிற்கட்டும்.